பீச்சாங்கைக் கட்டு

இன்று காலையில் பேத்தி தாரணி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஏதோ விழாவாம். நான் அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தேன். கருவாட்டு வாடையையும் தாண்டிக்கொண்டு அந்த நகப்பூச்சு வாசனை வந்தது பார், கை அப்படியே நின்றுவிட்டது. கம்பெனியில் பூச்சித் தலைக்கு ஊசிமுனையால் ஒரு சொட்டு வைப்போமே, அதே வாசனை. மூக்கைக் குத்திக்கொண்டு ஏறி, பின்மண்டையில் போய் உட்காருமே, அது.

"இன்னா ஆயா, தண்ணிய தொறந்து வுட்டுகினு நிக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. உன் வேலையப் பாரு."

அவள் இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். இதை எழுதும் காகிதமும் பேனாவும் அவளுடையவைதான். எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அஞ்சாம் வகுப்பு என்றாலும் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். உனக்குத் தெரியாததா? உன் ரேஷன் அட்டையிலிருந்து உன் மகள் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்து நோட்டீஸ் வரைக்கும் நான்தானே உனக்குப் படித்துச் சொன்னேன்.

உனக்கு எழுத்து வராது. எழுத்து வராதவளுக்கு, அதுவும் செத்துப்போனவளுக்கு மடல் எழுதுகிறாள் பார் கிறுக்கச்சி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ எனக்கு ஒன்று அனுப்பினாய் அல்லவா, அதற்குப் பதில் போட வேண்டாமா? முப்பது வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இருக்கிறது. அதை நான் சொல்வதற்குள் நீ போய்விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

நம் கம்பெனியைப் பற்றிச் சொன்னால் தாரணிகூட முதலில் நம்பவில்லை. ராயபுரத்தில், ரயில் பாதைக்குப் பின்னால், ஒரு பழைய குடோன். வரிசையாக மேஜைகள். மேஜைக்கு எதிரெதிராக இரண்டு பெண்கள், ஆளுக்கொரு சின்ன இடுக்கி, வைஸ் என்பார்கள். அதில் குண்டுமணி அளவு தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்து, நூலாலும் இறகாலும் முயல் மயிராலும் பூச்சி கட்டுவோம். தண்ணீரில் விழுந்த நிஜப் பூச்சி என்று நினைத்து மீன் ஏமாந்து கவ்வும். எல்லாம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். அந்த ஊர் ஆற்றையும் நாம் பார்த்ததில்லை, அந்த மீனையும் பார்த்ததில்லை.

முதல் வாரத்தில் சூப்பர்வைசர் ஒரு படத்தைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக்காரன், கையில் மீனோடு நிற்கிறான். இவர்கள் மீனைப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள் என்றார். நீ காசிமேட்டு மீன்காரியின் மகள். உனக்குத் தாங்கவில்லை.

"புட்ச்ச மீன திருப்பி வுட்ருவானா சார்?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னாத்துக்குப் புடிக்கிறான்?"

"அது ஒரு விளையாட்டும்மா."

"எங்க வூட்ல இப்டி வெளாண்டா எங்கம்மா தொடப்பக்கட்டய எடுத்துகினு வரும் சார்."

குடோனே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கக்கூடிய மனிதர்தான், ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்க மாட்டார்.

பூச்சிகளுக்குக் கம்பெனி எண் போட்டிருந்தது. நாம் பேர் வைத்தோம். உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்பது மாமியார். சரிகை இழை சுற்றியது கல்யாணப் பொண்ணு. கறுப்பு உடம்பும் கழுத்தில் வெள்ளை இறகுமாக இருந்ததற்குப் பாதிரி என்று நீதான் பேர் வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்று நீயே பிறகு புலம்பினாய்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது, நூல் சுற்றுவதுதானே என்பார்கள். சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முள்ளின் மேல் வாலுக்கு இறகு வைத்து நூலை இழுத்தால், இறகு நூலோடு சேர்ந்து அந்தப் பக்கம் உருண்டுவிடும். முதல் நாலு நாள் எல்லோருக்கும் உருண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இறகை முள்ளோடு சேர்த்துக் கிள்ளிக்கொண்டு, நூலை அந்தக் கிள்ளுக்குள்ளேயே தொளதொளவென்று ஒரு சுற்று விட்டு, பிறகு நேராகக் கீழே இழுத்தால் அசையாது என்று நீதான் கண்டுபிடித்தாய். "கொயந்த காத கிள்ற மாரி கிள்ளிக்க. வலிக்கக் கூடாது, வுடவும் கூடாது" என்றாய். ஒரு வாரத்தில் குடோன் முழுக்க அப்படித்தான் கட்டியது.

முயல் மயிர் எனக்கு வசப்படவே இல்லை. நூலில் தேன்மெழுகு தேய்த்து, மயிரைத் துளி எடுத்து, ஒரே பக்கமாக உருட்டித் திரிக்க வேண்டும். நான் உருட்டினால் பூச்சி கம்பளிப் போர்வை போர்த்தியதுபோல் குண்டாகிவிடும். "கொஞ்சம்னு எத்த நெனைக்கிறியோ அதுல பாதி எடு. அந்தப் பாதிலயும் பாதிய வூதி வுட்டுடு" என்பாய். சமையலில் உப்புப் போடும்போதுகூட இன்றைக்கும் எனக்கு அந்த வார்த்தைதான் வருகிறது. உப்புக் குறைகிறது என்று மருமகள் சொல்கிறாள். அதுவும் உன்னால்தான்.

என் கெட்டிக்காரத்தனம் தலையில் இருந்தது. பூச்சியின் தலை, முள்ளின் காதுக்கு ஒட்டினாற்போல் நூலால் முடியும் இடம். அங்கே நூலை நூலுக்குள்ளேயே ஐந்து சுற்று மடித்து இழுத்து, முடிச்சே தெரியாமல் முடிக்க வேண்டும். மற்றவர்கள் தலை மிளகு போல இருக்கும். என்னுடையது கடுகு. மாதிரிக்கு அனுப்பும் பூச்சிகளுக்கு என்னிடம்தான் தலை முடிக்கக் கொடுப்பார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. கட்டுகிற ஆசையில் சில பேர் காதுவரைக்கும் இறகை நெருக்கிவிடுவார்கள், காது அடைத்துப்போகும், அப்புறம் தூண்டில் நரம்பை எதில் கோப்பது? "தலைக்கு எடம் வுடு மே" என்று நீ எல்லோரையும் சொல்வாய். பஸ்ஸில் யாராவது நெருக்கினாலும் அதையேதான் சொல்வாய்.

உன் கை பீச்சாங்கை. முதல் நாளே சூப்பர்வைசர் கவனித்துவிட்டார்.

"பீச்சாங்கையா? வேணாம்மா. சுத்து மாறிப்போகும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்."

"மீனுக்கு இன்னா சார் தெரியும், சோத்தாங்கைல கட்னதா பீச்சாங்கைல கட்னதான்னு?"

அவர் யோசித்துவிட்டு, சரி உட்காரு, ஒரே ஒரு புகார் வந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும் என்றார். உனக்கு அந்த இடம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். காலையில் கூடை தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று நீ வேண்டிக்கொள்ளாத மாதா இல்லை.

உன்னை எனக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். நான் சோத்தாங்கையால் கட்டுவேன், நீ பீச்சாங்கையால் கட்டுவாய். என் முள்ளின் காது எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் உன் முள்ளின் காதும் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் என்னையே பார்ப்பதுபோல இருக்கும். நான் நூலை மேலாக உன் பக்கம் தள்ளும்போது நீ மேலாக என் பக்கம் தள்ளுவாய். இரண்டு கையும் ஒரே தாளத்தில் போகும். கண்ணாடியில் பார்க்கிறவளுக்கு இடம் வலம் மாறியிருப்பது உறைக்குமா? எனக்கு உறைக்கவில்லை. அங்கேதான் நான் தவறினேன்.

ஹார்பரில் மூட்டை சரிந்து உன் வீட்டுக்காரர் காலில் விழுந்த அன்றைக்கு, ஆள் வந்து வாசலில் கூப்பிட்டதும் நீ அப்படியே எழுந்து ஓடினாய். உன் அட்டையில் மூன்று டஜன் பாதிரி குத்தி இருந்தது. உடம்பு கட்டி, வெள்ளை இறகு சுற்றி, தலை மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் பெட்டி போக வேண்டும். ஒருத்தி அட்டையை இன்னொருத்தி தொடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் உன் அட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். உனக்காகத்தான் செய்தேன். அதில் பொய் இல்லை.

ஆனால் கேள். பாதியில் நிறுத்தும்போது நூல் அவிழாமல் இருக்க நீ ஒரு சின்ன முடிச்சுப் போட்டு வைப்பாய். அந்த முடிச்சு மேட்டின் மேல் தலை கட்டினால் தலை தடிக்கும். மிளகாகிவிடும். என் கையால் மிளகா? கத்தரியை எடுத்து அத்தனை முடிச்சையும் வெட்டினேன். வெட்டிவிட்டு, என் நூலை என் பக்கமாக, சோத்தாங்கைச் சுற்றாகச் சுற்றி இறுக்கினேன். உன் நூல் அடியில் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது. நான் இறுக்க இறுக்க அது தளர்ந்துகொண்டே போயிருக்கிறது. மேலே கடுகு போலத் தலை, அதன் மேல் ஒரு சொட்டு பூச்சு, பளபளவென்று. எனக்கே என் கையை முத்தமிட வேண்டும்போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, ஒரு பாதிரியை எடுத்து நகத்தால் லேசாகத் திருகினார். பாட்டில் மூடி மாதிரி தலை கழன்று அவர் கையோடு வந்தது. வெள்ளை இறகு தரையில் விழுந்தது.

"இது யார் அட்டை?"

நீ அதை அவர் கையிலிருந்து வாங்கினாய். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தாய். உன் விரல் அடி நூலைத் தடவியது, அப்புறம் தலையைத் தடவியது. அடியில் ஒரு பக்கம், மேலே இன்னொரு பக்கம், நடுவில் வெட்டுப்பட்ட முடிச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"என்துதான் சார்" என்றாய்.

"நான் அன்னைக்கே சொன்னேன், பீச்சாங்கைக் கட்டு நிக்காதுன்னு."

"நிக்கல சார்."

உண்மையைச் சொன்னால் இரண்டு பேருமே வெளியே போக வேண்டியிருக்கும். நீ கணக்குப் போட்டுத்தான் சொன்னாய் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டதற்கு அது காரணமில்லை. என் தலைதான் கழன்று வந்தது என்று அத்தனை பெண்கள் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வளவுதான். இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. நான்தான் உன் முடிச்சை வெட்டினேன். நான்தான் சும்மா நின்றேன்.

அன்றைக்குச் சாயந்திரம் வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்தேன். "இந்தா மே, உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"மூஞ்சப் பாரு, ஊறுன கருவாடு மாரி. வா, டீ துன்னலாம்."

"டீய எவளாச்சும் துன்னுவாளா?"

"பொற தொட்டுகினு துன்னுவோம் வா."

அதோடு பேச்சு முடிந்தது. உன்னை இறகு பொறுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். கோழிக் கழுத்திறகை நீளம் பார்த்து, நிறம் பார்த்து, கும்பல் கும்பலாகப் பிரிக்கும் வேலை. தூசி. நீ முகத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். எனக்கு எதிரில் வேறொருத்தி வந்தாள், சோத்தாங்கைக்காரி. நிமிர்ந்தால் கண்ணாடி இல்லை. அந்த மழைக்காலம் முடிந்ததும் நீ நின்றுவிட்டாய். உன் அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்கே போய்விட்டாய்.

அதற்காக நீ என்னை விடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். வெள்ளிக்கிழமை தவறாமல் சங்கரா மீனோ வவ்வால் மீனோ எனக்கென்று எடுத்து வைத்திருப்பாய். என் பையனின் அட்மிஷனுக்கு உன் மோதிரம் அடகுக்குப் போயிற்று, வந்தது. நான் விம்கோ நகருக்கு வீடு மாறினபோது பால் காய்ச்சும் பாத்திரத்தோடு வந்து நின்றவள் நீ. நடுநடுவே நான் வாயெடுப்பேன். ஸ்டெல்லா கல்யாணத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "யம்மே, அந்தப் பாதிரிப் பூச்சி..." என்றேன்.

"பாதிரி கோயில்ல கீறாரு. நீ பிரியாணியத் துன்னு" என்று சொல்லி என் இலையில் இன்னொரு கறித்துண்டைப் போட்டாய்.

உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் சொல்லாதது சொல்லாததுதான்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். தலைவலித் தைல டப்பா ஒன்றை என் கையில் வைத்தாள்.

"மம்மி உங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு ஆன்ட்டி. கண் ஆபரேஷன் முட்ச்சு வந்தப்ப, பார்வ நல்லா தெரியுதுன்னு ஒரு வாரம் உக்காந்து கட்டுச்சு. கட்டிங் பிளேயர்ல முள்ள மாட்டி, புடியில ரப்பர் பேண்டு சுத்தி, முட்டிக்கு நடுவுல வெச்சுகினு."

"இன்னா சொல்லிக் குடுத்தா?"

"ஒண்ணும் சொல்லல. இன்னா சொல்லணும், நான் எழுதி வெக்கட்டான்னு கேட்டேன். 'அவளுக்குப் படிக்கத் தெரியும்'னு சொல்லுச்சு."

உள்ளே பஞ்சின் மேல் ஒரு பாதிரி. கறுப்புத் தையல் நூல், கறிக்கடைக் கோழியின் வெள்ளை இறகு. என் கண்ணுக்குச் சுற்று பிரிந்து தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தாரணியிடம் கொடுத்தேன். அவள் போனில் படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். நான் பார்த்தேன். எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தேன்.

உடம்பு முழுக்க உன் பீச்சாங்கைச் சுற்று. வரிசை தப்பாமல், பாய் நெய்ததுபோல. கழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன முடிச்சு. அதற்கு மேல் தலை. தலை மட்டும் மறு பக்கம் சுற்றியிருந்தது, சோத்தாங்கைச் சுற்றாக. உன் சோத்தாங்கையில் உனக்கு ஊசி கோக்கக்கூட வராது. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோணிக்கொண்டு, தலை மிளகைவிடப் பெரிதாக இருந்தது. காது மட்டும் சுத்தமாகத் திறந்திருந்தது. தலைக்கு இடம் விட்டிருந்தாய்.

"திருகிப் பாக்கட்டா ஆயா?" என்றாள் தாரணி. நானே திருகினேன். முதலில் லேசாக, பிறகு நகத்தை அழுத்தி. அசையவில்லை. இரண்டு கைச் சுற்றும் ஒன்றை ஒன்று அவிழ்க்காமல் நின்றது, நடுவில் அந்த முடிச்சு இருந்ததால். அவ்வளவு சின்ன முடிச்சு.

அன்றைக்குப் பூராவும் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருமகள் பயந்துபோய் மாத்திரை போட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பதில் எழுத எனக்கு நாலு காலை பிடித்தது. மகனின் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயர் எடுத்து, உன்னைப் போலவே முட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். உடம்பை என் சோத்தாங்கையால் கட்டினேன். முடிச்சுப் போட்டேன். அப்புறம் பிளேயரைத் திருப்பி, நூலைப் பீச்சாங்கைக்கு மாற்றினேன். ஐயோ அந்தக் கை. எழுபதை நெருங்குகிற கை, இத்தனை வருஷமும் எனக்கு ஒரு வேலை செய்யாத கை. நூல் அறுந்தது, இறகு உருண்டது, விரலில் முள் ஏறியது. நீ அந்தக் குடோனில் முதல் வாரம் எத்தனை பேர் பார்வைக்கு நடுவில் கட்டினாய் என்று அப்போதுதான் கை வழியாகத் தெரிந்தது. நாலாம் நாள் தலை முடிந்தது. கடுகும் இல்லை, மிளகும் இல்லை, சுண்டைக்காய்.

சொட்டு வைப்பது மட்டும் பாக்கி இருந்தது. இன்று காலை அந்த வாசனை வந்ததும் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, தாரணியின் பாட்டிலை வாங்கி, ஊசிமுனையில் தொட்டு வைத்தேன். ரோஸ் நிறம். ரோஸ் தலையோடு ஒரு பாதிரி. நீ பார்த்தால் கோயில் என்றும் பார்க்காமல் சிரித்திருப்பாய்.

உன்னுடையதும் என்னுடையதும் இப்போது ஒரே டப்பாவில், பஞ்சின் மேல், எதிரெதிராகப் படுத்திருக்கின்றன. இந்தக் காகிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவிடம் கொடுத்து, கல்லறையில் உனக்குப் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். பூச்சியை அவளிடம் கொடுக்க மாட்டேன், அது என்னோடு இருக்கட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலை தடித்துப்போயிற்று, பார்க்க நன்றாக இல்லை. ஆனாலும் முடிச்சை வெட்டவில்லை மே.